பீங்கான், பிராது, பி.காம்.!

பி.காம். படித்தவனுக்கு மட்டுமே புரிகிற ஒரு சோகம் உண்டு. வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் சொந்தக்காரர்கள் வந்து நாக்கை நீட்டுவார்கள். வக்கீல் இருந்தால் வரப்புத் தகராறைச் சொல்வார்கள். பி.காம். இருந்தால்... மூட்டை!

அலங்காரத்துக்குச் சொல்லவில்லை ஸார். நிஜமான யூரியா சாக்கு. வாயை இறுக்கிக் கட்டி, தூக்கினால் தோள் இறங்குகிற கனம். உள்ளே முழுக்கக் காகிதம். 'எல்லாம் இதுல இருக்குப்பா, நீதான் படிச்சவனாச்சே' என்று ஒரு வாக்கியம் இலவசம். நான் பி.காம். படித்தது உண்மை. அதன் பிறகு பத்திரிகைகளுக்கு எழுதி வயிறு வளர்ப்பதும் உண்மை. முதல் உண்மை மட்டும்தான் சொந்தக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

மூட்டை இருந்த ஊர் விருத்தாசலம். மூட்டைக்குச் சொந்தக்காரர் என் தாய்மாமா. போன் செய்தது அத்தை.

"உங்க மாமா லெட்டர் வந்தா பிரிக்கறதே இல்ல சாமி. அப்படியே சாக்குக்குள்ள போட்டுடறாரு. தபால்காரர் மணி அடிச்சா கொல்லைப்பக்கம் போயிடறாரு. நாலு வருஷமா ராத்தூக்கம் கெடையாது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. மறுநாள் சுதந்திர தினம் என்பதால் எழும்பூரில் கிளம்பும்போதே ரயிலில் மூச்சு விட இடமில்லை. விழுப்புரத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் ஏறினார்கள். இது எப்படிக் கணக்கில் வரும் என்று பி.காமைக் கேட்காதீர்கள்.

விருத்தாசலம் ஜங்ஷனில் நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. சென்னை, திருச்சி, கடலூர், சேலம். அந்த சேலம் லைனை மட்டும் கொஞ்சம் முறைத்துப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. 1937-ல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டு வந்தது சேலம் ஜில்லாவில்தான். கள்ளுக்கடையை மூடியாகிவிட்டது, கஜானாவில் விழுந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது? 1939-ல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி! இன்று கடையும் திறந்திருக்கிறது, வரியும் இருக்கிறது. என் மாமாவின் மூட்டைக்கு விதை விழுந்தது அங்கேதான்.

விருத்தாசலம் என்றதும் பலருக்கு முந்திரியும் மல்லாட்டையும் ஞாபகம் வரும். எனக்குப் பீங்கான்தான். ஊரில் செராமிக் டிப்ளமோ சொல்லித் தருகிற அரசுக் கல்லூரியே இருக்கிறது. செராமிக் தொழிற்பேட்டையில் கால் வைத்தால் தரையெல்லாம் வெள்ளைப் பொடி. வெளியே வருகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் கல்யாண வீட்டில் மாவு அரைத்துவிட்டு வந்த மாதிரியே இருப்பார்கள்.

சின்ன வயசில் லீவுக்கு வந்தால் மாமாவின் ஷெட்டில்தான் என் பொழுது போகும். வெள்ளைக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் தண்ணீர் விட்டு பெரிய உருளையில் அரைப்பார்கள். உள்ளே கல்குண்டுகள் உருளுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். பொம்மை என்றால் அந்தக் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரைக் குடித்துவிடும், ஓரத்தில் ஒரு தோல் மாதிரி களிமண் படியும், மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை ரெடி. முதல் சூடு போட்டு எடுத்த சரக்குக்கு அவர்கள் பாஷையில் 'பிஸ்கட்' என்று பெயர். 'அங்க பிஸ்கட் இருக்கு, எடுத்துட்டு வா' என்று மாமா சொல்லி, நான் ஆசையாக ஓடிப்போய் ஏமாந்தது இன்றுவரை குடும்ப ஜோக்.

மாமா செய்தது பொம்மை இல்லை. பியூஸ் கேரியர். வீட்டு மீட்டர் போர்டில் வெள்ளையாக இருக்குமே, கரண்ட் போனால் அப்பா நாற்காலி போட்டு ஏறிக் கம்பி சுற்றுவாரே, அது! தமிழ்நாட்டில் எத்தனை அப்பாக்கள் அதை வைத்து வீட்டில் இன்ஜினியர் பட்டம் வாங்கினார்கள்! அப்புறம் டிரிப் ஸ்விட்ச் வந்தது. விரலால் தட்டினால் போதும். அப்பாக்களின் மரியாதையும் போச்சு, மாமாவின் ஆர்டரும் போச்சு. 2019-ல் ஷெட்டைப் பூட்டினார்.

பூட்டினார் என்பதில்தான் விஷயம். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்யச் சொல்லி, கணக்கு எழுதுகிற பையன் மூலமாக ஒழுங்காக விண்ணப்பித்தார். 2019 அக்டோபர் 15-ல் ரத்து உத்தரவும் வந்தது. அதைப் பார்த்து, தீர்ந்தது தலைவலி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

தீரவில்லை! பதிவு ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்று ஒரு கடைசி ரிட்டர்ன் போட வேண்டும். கடையை மூடிய அன்று கையிருப்பில் என்ன சரக்கு இருந்தது, அதற்கு எடுத்த வரி வரவு எவ்வளவு என்று சொல்லி, அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். கடையைத் திறக்கிறவர்களுக்கு ஊரே வந்து வழி சொல்லும். மூடுகிறவனிடம் யார் வந்து பேசுகிறார்கள்? போதாக்குறைக்கு, பதிவில் இருந்த மெயிலும் மொபைல் நம்பரும் அந்தக் கணக்கு எழுதுகிற பையனுடையவை. பையன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். நோட்டீஸெல்லாம் அவன் பழைய மெயிலில் போய் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பிறகு ஒருநாள் டீக்கடையில் யாரோ ஒரு புண்ணியவான் மாமாவிடம் சொல்லியிருக்கிறார்: "கடைசி ரிட்டர்ன் போடலியா? ஒரு நாளைக்கு எரநூறு ரூவா ஏறுமே!"

அன்றிலிருந்துதான் கொல்லைப்பக்கம் போக ஆரம்பித்தது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா ஷேவ் செய்யாத தாடியுடன் உட்கார்ந்திருந்தார். "வா மாப்ள" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கிற குரல் அது.

சாக்கைப் பிரித்துக் கூடத்தில் கொட்டினேன். மின்வாரிய ரசீது, பேங்க் கடிதம், கல்யாணப் பத்திரிகை, பிரிக்காத கவர்கள் இருபத்தேழு. அவற்றின் நடுவே ஒரு தினசரி காலண்டர் அட்டை. பின்பக்கம் பென்சிலால் கூட்டல், பெருக்கல். மாமாவின் கையெழுத்து. 2020 ஜனவரி 15-லிருந்து நாள் எண்ணி, எண்ணி, இருநூறால் பெருக்கி, அடித்து, மறுபடி பெருக்கி... கடைசி வரி அன்று காலையில் எழுதியது. 1,307 நாள். 2,61,400 ரூபாய்.

மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். "ஷெட்டை வித்தாத்தான் முடியும் போலருக்கு மாப்ள. அவ கிட்ட சொல்லாத."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எத்தனை ராத்திரி உட்கார்ந்து இந்தப் பெருக்கலைப் போட்டிருப்பார்! கணக்கில் பிழையே இல்லை என்பதுதான் கொடுமை. ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குத் தெரியாது. அந்த இருநூறு ரூபாய்க்கு உச்சவரம்பு இருக்கிறது. மத்திய வரியில் ஐயாயிரம், மாநில வரியில் ஐயாயிரம், ஆகப் பத்தாயிரத்துக்கு மேல் ஏறாது. ஐம்பதாவது நாளே மீட்டர் நின்றுவிட்டது. மிச்ச 1,257 நாளும் மாமாவின் தலைக்குள்ளேதான் மீட்டர் ஓடியிருக்கிறது.

அதோடு இன்னொன்று. இப்படிக் கடைசி ரிட்டர்ன் போடாமல் விட்டவர்களுக்காக 2023-ல் ஒரு சலுகை அறிவித்திருந்தார்கள். ஆகஸ்ட் 31-க்குள் போட்டால் தாமதக் கட்டணம் மொத்தமே ஆயிரம் ரூபாய். நான் போனது 14-ம் தேதி.

மாமா நம்பவில்லை. "நீ ஆறுதலுக்குச் சொல்ற" என்றார். பத்திரிகைக்காரன் சொன்னால் யார் நம்புவார்கள்? அறிவிப்பை மொபைலில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி மூன்று தரம் படித்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அத்தை சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே காபி போட்டாள்.

வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். 2019-ல் மூடும்போது என்ன சரக்கு இருந்தது என்று தெரிய வேண்டுமே! சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம். பூட்டு துருப்பிடித்து, தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் திறந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி. நாலு மூட்டை குவார்ட்ஸ், இரண்டரை மூட்டை ஃபெல்ட்ஸ்பார், மூலையில் சுடாத பச்சைச் சரக்கு, பக்கத்தில் பிஸ்கட். ஒன்றை எடுத்து விரலால் தட்டினார் மாமா. "பாரு, சத்தம் எப்படி இருக்குன்னு! கீறல் இருந்தா இப்படிக் கேக்காது" என்றார். நாலு வருஷத்தில் அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டதில்லை.

பில் இல்லாத சரக்கு என்றால் சார்ட்டர்டு அக்கவுன்டன்டோ காஸ்ட் அக்கவுன்டன்டோ சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். நான் பயந்தது அதற்குத்தான். சுவரோரம் பார்த்தால் ஒரு கம்பி. அதில் கடைசி இரண்டு வருஷத்துக் கொள்முதல் பில் அத்தனையும் தேதி வாரியாகக் குத்தியிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை! ஸார், நான் பார்த்த ஆடிட் ஆபீஸ்களில்கூட இந்த ஒழுங்கு கிடையாது. லெட்டர் பிரிக்கப் பயந்த மனுஷன் பில் குத்துவதை ஒருநாளும் நிறுத்தியிருக்கவில்லை.

ஜி.எஸ்.டி.யின் வேடிக்கையை அந்தத் தொழிற்பேட்டையில் நின்று பார்க்க வேண்டும். அன்றைய கணக்குப்படி ஒரே களிமண் கப் அண்ட் ஸாஸரானால் 12 சதவீதம், கக்கூஸ் பேஸினானால் 18, இன்சுலேட்டரானால் 18. மண் விளக்கானால் வரியே இல்லை. பீங்கான் அகல் விளக்கு மண் விளக்கா, அலங்காரப் பொருளா? அது சூளைக்கும் தெரியாது. கேட்டால் ஆடிட்டருக்கு ஆடிட்டர் மாற்றிச் சொல்வார்கள். (2025 செப்டம்பர் 22 முதல் கப், ஸாஸருக்கு 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பேஸின் பழையபடி 18-லேயே இருக்கிறது. டீ குடிப்பவர்கள் பக்கம்தான் அரசாங்கம்!)

சாயங்காலம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தோம். பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகமில்லை. மாற்ற வேண்டுமானால் ஓ.டி.பி. திருப்பூருக்குத்தான் போகும். பையனைப் பிடித்தோம். பின்னால் தையல் மெஷின்கள் உறுமுகின்றன.

"தம்பி, நம்பர் வந்துச்சா?"

"என்னண்ணே? கேக்கல!"

"நம்பரு... நம்பரு!"

"ஷிப்டு நம்பரா?"

மூன்றாவது ஓ.டி.பி.யில்தான் பையனுக்கு விளங்கியது. உள்ளே போனால், வெப்சைட்டில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரர், "அரைமணி ஆவும் ஸார், கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்றார். தினமும் சொல்லிப் பழகிய குரல்.

போனோம். பழமலைநாதர் கோயில். திருமுதுகுன்றம் என்று பழைய பெயர். காசியைவிட வீசம் புண்ணியம் கூட என்று ஊர்க்காரர்கள் ஒரு தம்பிடி விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இங்கே எல்லாம் ஐந்தைந்து. ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தேர். எந்தப் படிவத்தையும் ஐந்து பிரதி கேட்கிற ஆபீஸர் யாரோ பூர்வ ஜென்மத்தில் கட்டிய கோயில் போலிருக்கிறது.

வன்னி மரத்தடியில் மாமா பழைய கதையைச் சொன்னார். விபசித்து முனிவர் இந்தக் கோயில் திருப்பணி செய்தபோது, கூலியாக வன்னி இலையை அள்ளிக் கொடுப்பாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி இலை காசாக மாறுமாம். ரெஜிஸ்டர் கிடையாது, வவுச்சர் கிடையாது. பிடித்தம் போகத்தான் இலை கொடுத்தாரா என்று கேட்டேன். மாமா சிரித்தார். அன்றைய முதல் சிரிப்பு.

சுந்தரர் கதை இன்னும் விசேஷம். இங்கே சிவபெருமானிடம் 12,000 பொன் வாங்கினார். வழியில் பயம். மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். முதல் மணி டிரான்ஸ்பர்! ஆனால் ஒரு பி.காமாக எனக்குப் பிடித்தது வேறு இடம். ஆற்றில் போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னில் ஒரு துண்டு வெட்டி, மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். அங்கே எடுத்ததும் இதோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தார். கொடுத்தது சாட்சாத் பரமேஸ்வரன். அப்படியிருந்தும் அத்தாட்சி இல்லாமல் விடவில்லை!

திரும்பி வந்தபோது வட்டம் நின்றிருந்தது. சரக்குக் கணக்கை ஏற்றி, வரி வரவைத் திருப்பிக் கட்டி, ஆயிரம் ரூபாய் கட்டணத்தையும் சேர்த்தால் மொத்தம் ஐயாயிரத்துச் சொச்சம். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஒப்புகை நம்பர் வந்தது. மாமா அந்தப் பிரிண்ட் அவுட்டை நாலு காப்பி எடுக்கச் சொன்னார். "அஞ்சா எடுத்துடு" என்று அப்புறம் திருத்திக்கொண்டார்.

மூட்டையில் இன்னொரு பூதம் மிச்சமிருந்தது. பாண்டிச்சேரிக் கடை ஒன்றுக்கு 2011-ல் சரக்கு அனுப்பியிருக்கிறார். பக்கத்து ஊர் மாதிரிதான், ஆனால் சட்டப்படி வேறு மாநிலம். 'சி' ஃபாரம் வாங்கிக் கொடுத்தால் வரி 2 சதவீதம், வாங்காவிட்டால் முழு வரி. கடைக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று ஃபாரமே தரவில்லை. வட்டி, அபராதத்தோடு 41,000 ரூபாய் பழைய நிலுவை. இதற்கு மட்டும் என்னிடம் வழியில்லை. "பாக்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

வழி தானாக வந்தது. 2023 அக்டோபரில் தமிழக அரசு பழைய விற்பனை வரி பாக்கிகளுக்கு 'சமாதானத் திட்டம்' அறிவித்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறைவான நிலுவை, வரி வட்டி அபராதம் எல்லாமே தள்ளுபடி! மாமா போன் செய்து, "அவங்களே சமாதானமா வந்துட்டாங்க மாப்ள" என்றார்.

அந்தச் சூட்டிலேயே கேட்டார்: "கார்த்திகைக்குப் பீங்கான் அகல் விளக்கு போடலாம்னு இருக்கேன். மறுபடி ஜி.எஸ்.டி. எடுக்கணுமா?"

சொல்லவே கஷ்டமாக இருந்தது. 2019 ஏப்ரலிலிருந்தே தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவே தேவையில்லை. அகல் விளக்கு விற்று 40 லட்சம் தொட மாமா இன்னொரு ஜென்மம் எடுக்க வேண்டும். அந்த நாலு கார்த்திகையும் அவர் பாட்டுக்குச் சூளை வைத்திருக்கலாம்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, வுடு" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு மாமா. வெளி மாநிலத்துக்கு அனுப்பினா இந்த வரம்பு செல்லாது. ஆடிட்டரைக் கேக்காம பாண்டிச்சேரிக்கு மட்டும் விக்காதீங்க!"

"அந்தத் திசைப்பக்கம் தலை வெச்சே படுக்கறதில்ல."

2024 தையில் நான் மறுபடி போனபோது ஷெட் வாசலில் வைக்கோல் சுற்றிய விளக்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மாமா பளிச்சென்று ஷேவ் செய்து, வேட்டி கட்டித் தயாராக நின்றார். "வா, ஒரு ஆபீஸ் வேலை இருக்கு" என்று பைக்கில் ஏற்றினார்.

போய் நின்றது மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். சுந்தரர் இந்த ஊர் வழியாகப் போகும்போது, கிழட்டு மலை, கிழட்டு சாமி என்று பாடாமல் போய்விட, அவரை வேடன் வேஷத்தில் மடக்கிப் பறித்துக்கொண்டு கோயிலுக்கு அனுப்பினாரே முருகன், அவர்தான் இந்தக் கொளஞ்சியப்பர். ரெய்டுக்கு வந்த முதல் அதிகாரி! இப்போது பக்தர்களின் மனுவை வாங்குகிறார். கோயில் ஆபீஸில் பணம் கட்டிப் படிவம் வாங்கி, குறையை எழுதி, சந்நிதியில் வைத்துப் பூஜை செய்து, முனியப்பர் வேலில் கட்டிவிட வேண்டும். பிராது கட்டுவது என்று பெயர். உங்கள் ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி படிப்பணம்கூட உண்டு. சாமிக்கு டி.ஏ.! காரியம் நடந்துவிட்டால் மறுபடி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர்.

"அந்தப் பாண்டிச்சேரிக்காரன் பணத்தை இழுத்தடிச்சான்ல, அப்ப கட்டினேன். மூணு மாசத்துல பணம் வந்துடுச்சு. ராஜினாமா பண்ண மறந்துட்டேன்" என்றார் மாமா, குற்றவாளி மாதிரி.

"எப்ப கட்டினீங்க?"

"பன்னெண்டு வருஷம் இருக்கும்."

முனியப்பர் சந்நிதியில் ஆயிரக்கணக்கில் காகிதச் சுருள்கள் நூல் கட்டித் தொங்கின. காற்றில் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். எங்கேயோ அதற்குள் மாமாவுடையதும் இருந்திருக்கலாம்.

ஆபீஸ் கவுன்ட்டரில் பணம் கட்ட நின்றோம். மாமா கையில் பழைய காலண்டர் அட்டை. உள்ளே இருந்தவர் பெயர், ஊர் கேட்டு எழுதினார். எந்த வருஷம் என்றார். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வருஷத்தைச் சொன்னார். பிறகு கம்பி வழியாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, மெதுவாகக் கேட்டார்:

"ஸார்... லேட் ஃபீஸ் உண்டுங்களா?"